ரெஸ்யூமில் மூன்று வருட இடைவெளி: சொல்வதா, செதுக்குவதா, ஊதுவதா, அனுபவத்தை விலைக்கு வாங்குவதா?

2022-ல் பி.இ. முடித்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை வருடம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்குப் படித்தார். முதனிலைத் தேர்வில் தேறினார், முதன்மைத் தேர்வில் நழுவியது. பிறகு எட்டு மாதம் மாமாவின் ஹார்டுவேர் கடையில் பில்லும் ஸ்டாக்கும் பார்த்தார். அடுத்த ஆறு மாதம் ஜாவா கோர்ஸ். இப்போது ரெஸ்யூம் எழுத உட்கார்ந்தால் ‘அனுபவம்’ என்ற தலைப்புக்குக் கீழே கை ஓடவில்லை. “மூணு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுக்கோடா, ஒரு கன்சல்டன்சி நம்பர் தரேன்” என்கிறான் கூடப் படித்தவன். “இருக்கிறத இருக்கிற மாதிரியே சொல்லுப்பா” என்கிறார் சித்தப்பா. ஒருவர் சொல்வதைக் கேட்டால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம், இன்னொருவர் சொல்வதைக் கேட்டால் யாரும் கூப்பிடவே மாட்டார்களோ என்ற பயம்.

சென்னையிலும் பெங்களூரிலும் ஐ.டி. வேலை தேடுகிற பலர் நிற்கும் இடம் இது. இவர் முன்னால் இருப்பவை இரண்டு வழிகள் மட்டுமல்ல, நான்கு. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதற்கு முன் ஒரு பாகுபாடு தேவைப்படுகிறது.

## பதிவு, திறன், சம்பிரதாயம்

ரெஸ்யூமில் சில வரிகள் பதிவு பற்றியவை: எங்கே வேலை பார்த்தீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பதவி, என்ன சம்பளம், எந்தப் பட்டம், எந்த ஆண்டு. இவை வேறொரு ஏட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பவை. சில வரிகள் திறன் பற்றியவை: ஜாவா தெரியும், எஸ்.க்யூ.எல். தெரியும், ஒரு டீமை நடத்த முடியும். இவற்றுக்கு ஏடு கிடையாது. கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதிவில் கை வைத்தால் அது பொய்தான். ஒரு மாதம் கூட்டினாலும் மூன்று வருடம் கூட்டினாலும் வகை ஒன்றே, அளவுதான் வேறு. திறனில் எல்லை அவ்வளவு கூர்மையாக இல்லை. ‘நன்றாகத் தெரியும்’ என்பதற்கு யாரிடமும் படி, மரக்கால் இல்லை.

மூன்றாவதாகச் சம்பிரதாயப் பேச்சு ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்தவரை “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால் பசியோடு இருப்பவரும் “ஆச்சு” என்பார். அதைப் பொய் என்று யாரும் கோபிப்பதில்லை, ஏனென்றால் யாரும் அதை நம்பி ஏமாறுவதில்லை. “ஏன் எங்கள் நிறுவனத்தில் சேர விரும்புகிறீர்கள்?” என்ற கேள்வியும் அப்படித்தான். வாடகை கட்ட வேண்டும் என்ற பதிலை அவர்களும் எதிர்பார்ப்பதில்லை. பழைய மேனேஜருடன் ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர் “வளர்ச்சிக்காக” என்று சொல்வதிலும் பெரிய குற்றம் இல்லை. ஆனால் அதே கேள்வி கையெழுத்துப் போடும் படிவத்தில் ‘விலகிய காரணம்’ என்று வந்து, நீங்கள் நீக்கப்பட்டவராக இருந்தால், அது பதிவாகிவிடுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

1. யார் நம்பி நஷ்டப்படுகிறார்? ஹெச்.ஆர். மட்டும் என்று நினைப்பது வழக்கம். உண்மையில் முதலில் இழப்பவர் அதே இடத்துக்கு உண்மையைச் சொல்லி விண்ணப்பித்த இன்னொருவர். அடுத்தது உங்கள் வேலையையும் சேர்த்துச் சுமக்கப்போகும் டீம்.
2. சரிபார்ப்பில் நிற்குமா? சேரும்போது மட்டுமல்ல, நான்கு வருடம் கழித்து அடுத்த நிறுவனத்திலும்.
3. முதல் 90 நாள் தாங்குமா? ரெஸ்யூம் வேலை வாங்கித் தரும், அந்த வேலையைச் செய்து தராது.
4. மொத்தச் செலவு. கையை விட்டுப் போகும் பணம், காலம், பிறர் கையில் சிக்கும் ஆவணங்கள்.
5. திரும்பி வர வழி உண்டா? தவறு என்று தெரிந்தபின் அழிக்க முடியுமா?

ஐந்தாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்குத்தான் அதிக எடை தர வேண்டும் என்பேன்.

## சரிபார்ப்பு எப்படி நடக்கிறது

பி.ஜி.வி. எனப்படும் பின்னணிச் சரிபார்ப்பைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளி ஏஜென்சியிடம் விட்டுவிடுகின்றன. ஆஃபர் லெட்டரிலேயே, கொடுத்த தகவல் பொய் எனத் தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்ற வரி இருக்கும். பிறகு ஒரு படிவம் வரும்: ஒவ்வொரு நிறுவனத்திலும் பணியாளர் எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, மேலதிகாரி பெயர், கடைசிச் சம்பளம். ‘கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு’ என்பார்கள். பி.ஜி.வி. முடியவும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான், சில சமயம் இரண்டு மூன்று வாரம்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி). வேலை மாறினாலும் மாறாத 12 இலக்க உறுப்பினர் எண்ணான யு.ஏ.என்.-இல் உங்கள் பணி வரலாறு மொத்தமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: எந்த நிறுவனம், எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள். பாஸ்புக்கில் இரண்டு விவரம் தனித்தனியாக இருக்கும்: எந்த மாதச் சம்பளத்துக்கான தொகை, எந்தத் தேதியில் வரவானது. 24 மாதத் தொகையும் ஒரே வாரத்தில் வரவாகியிருந்தால் சரிபார்ப்பவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பி.எஃப். இல்லை என்பதே பொய்க்கு அடையாளம் ஆகாது. பொதுவாக 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பி.எஃப். சட்டம் கட்டாயம். எட்டுப் பேர் உள்ள ஆபீசில் உண்மையாகவே உழைத்தவருக்கு பாஸ்புக் காலியாகத்தான் இருக்கும். அப்போது வங்கிக் கணக்கில் வந்த சம்பள வரவு, படிவம் 16, வருமான வரித் துறையின் 26ஏ.எஸ். அறிக்கை, முதலாளியின் நேரடி உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்பார்கள். சின்ன இடத்தில் வேலை பார்ப்பவர்கள் சம்பளத்தை ரொக்கமாக வாங்காமல் வங்கி வழியே வாங்கினால் பிற்காலத்தில் இந்தத் தொல்லை இருக்காது.

நிறுவனம். பதிவுபெற்ற கம்பெனிக்கு 21 எழுத்து-எண் கொண்ட அடையாள எண் உண்டு. அதில் மாநிலக் குறியீட்டை அடுத்து வரும் நான்கு இலக்கம் கம்பெனி பதிவான ஆண்டு. 2023-ல் பதிவான கம்பெனியில் 2021 முதல் வேலை பார்த்ததாக லெட்டர் இருந்தால், பொய் முதல் பக்கத்தின் அடியிலேயே அச்சாகி நிற்கிறது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இதை யாரும் பார்க்கலாம். முகவரிக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பதும் உண்டு. அங்கே ஜெராக்ஸ் கடை இருந்த கதைகள் இந்தத் தொழிலில் சலித்துப்போனவை.

படிப்பு. பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்பார்கள், அல்லது டிஜிலாக்கர் வழியே பார்ப்பார்கள்.

முடிவு பொதுவாக மூன்று நிறத்தில் வரும். பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் சின்ன முரண்: விலகிய தேதியில் பத்து நாள் வித்தியாசம், பதவிப் பெயரில் மாற்றம். விளக்கம் கேட்டுப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சிவப்பு என்றால் இல்லாத நிறுவனம், இல்லாத பட்டம், பொய்ச் சம்பளச் சீட்டு. இங்கே விளக்கத்துக்கு இடம் குறைவு.

## வழி 1: இருப்பதை இருப்பதாகச் சொல்வது

இடைவெளியை ஒரே வரியில், மாதமும் ஆண்டும் போட்டு எழுதுவது. ‘ஜூன் 2022 – டிசம்பர் 2023: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தயாரிப்பு, முதனிலைத் தேர்வில் தேர்ச்சி.’ ஹால் டிக்கெட் கையில் இருப்பதால் இதுவும் ஆதாரமுள்ள பதிவே. அரசுத் தேர்வுக்குப் படித்ததை வெட்கப்பட்டு மறைப்பவர்கள் தங்களிடம் இருக்கும் நல்ல விளக்கத்தைத் தாங்களே கிழித்துப் போடுகிறார்கள்.

மறைமுகச் செலவு காலம். பெரிய சேவை நிறுவனங்களின் ஃப்ரெஷர் அறிவிப்புகளில் தேர்ச்சி ஆண்டு வரம்பு இருக்கும். அங்கே மென்பொருளே உங்களைக் கழித்துவிடும், மனிதர் யாரும் படிக்கப்போவதில்லை. ஆகவே நூறு இடத்துக்கு ஒரே ரெஸ்யூமை அனுப்புவது இவருக்குப் பயன்படாது. சிறிய நிறுவனங்கள், தெரிந்தவர் சிபாரிசு, சப்போர்ட் அல்லது டெஸ்டிங் பிரிவில் நுழைந்து மாறுவது, தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் ஓராண்டுப் பயிற்சி ஆகியவைதான் நடைமுறைக் கதவுகள். அந்தத் திட்டத்தின் தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. முழுச் சம்பளம் கிடைக்காது, உதவித்தொகைதான். ஆனால் முடிவில் கையில் இருப்பது உண்மையான ஓராண்டு.

கெட்டுப்போகும் இடம் அதிக விளக்கம். இடைவெளிக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். வீட்டுக் கஷ்டம் முழுவதையும் இறக்கி வைத்தால் எதிரில் இருப்பவருக்குச் சங்கடம்தான் மிஞ்சும். இப்படிப் போகலாம்:

“2022 பாஸ் அவுட். நடுவுல என்ன பண்ணீங்க?”

“ஒன்றரை வருஷம் குரூப் டூ-க்குப் படிச்சேன் சார். ப்ரிலிம்ஸ் க்ளியர் ஆச்சு, மெயின்ஸ் ஆகல. அப்புறம் எட்டு மாசம் எங்க மாமா கடையில பில்லிங், ஸ்டாக் பாத்தேன். அந்த ஸ்டாக் கணக்கை ஜாவால பண்ணிப் பாத்திருக்கேன், லிங்க் ரெஸ்யூம்ல இருக்கு சார்.”

இதற்குப் பின் அடுத்த கேள்வி இடைவெளியைப் பற்றி வராது, லிங்கைப் பற்றித்தான் வரும்.

எப்போது சிறந்தது: அரசு, வங்கி, பாதுகாப்புச் சோதனை கடுமையாக உள்ள வாடிக்கையாளர் திட்டங்கள். இடைவெளி ஒன்றரை வருடத்துக்குள் இருந்தால் மற்ற வழிகளை யோசிக்கவே தேவையில்லை.

## வழி 2: உண்மையைச் செதுக்குவது

முதல் வழியிலிருந்து இது சற்றே நகர்கிறது. செய்த சிறு வேலையை ‘சும்மா மாமா கடையில இருந்தேன்’ என்று தள்ளிவிடாமல், அளந்து எழுதுவது. நேர்மையாக இருப்பவர்கள்தான் இதில் அதிகம் கோட்டை விடுகிறார்கள். தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொன்னாலே தற்பெருமை என்று வளர்ந்தவர்கள் நாம். வேலை தேடும்போது அந்த அடக்கம் நம் கையிலிருப்பதைக் குறைத்துக் காட்டிவிடும். குறைத்துச் சொல்வதும் துல்லியம் ஆகாது.

ஹார்டுவேர் கடையை எழுதிப் பார்ப்போம். எத்தனை பொருள்? பெயின்ட், பைப், ஆணி, பூட்டு எல்லாம் சேர்த்துச் சுமார் 1,400 வகை. எதில் பதிவு? முன்பு நோட்டு, இப்போது எக்செல். என்ன மாறியது? மாதக் கடைசியில் ஸ்டாக் எண்ண இரண்டு நாள் ஆனது அரை நாளானது. ஜி.எஸ்.டி. பில் யார் போட்டது? இவர்தான், நாளுக்கு 40 முதல் 60 வரை. இவ்வளவும் மூன்று வரியில் அடங்கும். மூன்றுமே உண்மை, எங்கிருந்து வந்த எண் என்று கேட்டால் சொல்லவும் முடியும்.

செதுக்குவது எங்கே ஊதுவதாகிறது? மூன்று இடத்தில் பாருங்கள்.

*பதவிப் பெயர்.* ‘டேட்டா அனலிஸ்ட்’ என்று போட்டால் முடிந்தது. ஏஜென்சியிலிருந்து மாமாவுக்கு போன் வந்து “உங்க கிட்ட என்னவா இருந்தார்?” என்று கேட்டால், அவர் யோசிக்காமல் சொல்லும் வார்த்தைதான் உங்கள் பதவி. “கணக்கும் ஸ்டாக்கும் பாத்துக்கிட்டான்” என்பார் என்றால், ‘கணக்கு மற்றும் இருப்பு உதவியாளர்’.

*வினைச்சொல்.* ‘வடிவமைத்தேன்’, ‘தலைமை தாங்கினேன்’, ‘உதவினேன்’, ‘பயன்படுத்தினேன்’ நான்கும் வேறு வேறு. நால்வர் சேர்ந்து செய்த கல்லூரி ப்ராஜெக்டில் உங்கள் பங்கு லாகின் பக்கம் மட்டும் என்றால், அந்தப் பக்கத்தை முழுதாக விவரியுங்கள். அதுவே நாலு கேள்விக்குத் தாங்கும்.

*எண்.* ‘40 சதவீதம் திறன் உயர்ந்தது’ என்று எழுதுபவர்களில் எதில் 40 என்று சொல்ல முடிந்தவர்கள் குறைவு. கணக்கிடாத சதவீதத்தைப் போடாதீர்கள்.

ஆதாரத்துக்கு, கடையின் ஜி.எஸ்.டி. எண் உள்ள லெட்டர்பேடில் தேதியுடன் ஒரு கடிதம், கணக்கில் சம்பள வரவு இருந்தால் அதன் நகல். புரோகிராம் எழுதியிருந்தால் அதைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் வைப்பது நல்லது. ஆனால் அங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி இருக்கும். நாற்பது ஃபைலும் ஒரே இரவில் ஏறியிருந்தால், எங்கிருந்தோ எடுத்தது என்றுதான் படிப்பவர் நினைப்பார். இரண்டு மாதம் சிறிது சிறிதாக ஏறிய குட்டி ப்ராஜெக்ட் அதைவிட மேல்.

மறைமுகச் செலவு: நாலைந்து நாள் உட்கார்ந்து எழுதி, அடித்து, திருப்பி எழுத வேண்டும். இரண்டு மூன்று மாதம் உண்மையிலேயே ஏதாவது செய்துகாட்ட வேண்டும். குறுக்குவழி தேடுபவருக்கு இது பெரிய செலவாகத் தெரியும்.

எப்போது சிறந்தது: கட்டுரையின் தொடக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, ஏறக்குறைய எப்போதும்.

## வழி 3: ஊதிப் பெரிதாக்குவது

கோர்ஸில் பார்த்த எல்லாவற்றையும் ‘திறன்கள்’ பட்டியலில் அடுக்குவது, ஆறு மாதப் பயிற்சியை ‘இரண்டு வருட அனுபவம்’ என்று வாயால் சொல்வது, டீம் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்வது. பெரும்பாலானோர் நிற்பது இங்கேதான். அவர்கள் தரப்பு வாதம் அலட்சியமாகத் தள்ளக்கூடியதும் அல்ல: “அவங்க மட்டும் உண்மையா சொல்றாங்களா?”

சொல்வதில்லைதான். ‘ஆண்டுக்கு 6 லட்சம்’ என்ற ஆஃபரைப் பிரித்துப் பாருங்கள். 10 சதவீதம் மாறும் தொகை என்றால் 60,000 போயிற்று. அடிப்படைச் சம்பளம் 3 லட்சம் என்றால், நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், அதாவது 36,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதம், சுமார் 14,400. இவையும் அந்த 6 லட்சத்துக்குள்தான். உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 36,000. மாதம் 50,000 என்று கணக்குப் போட்டவர் கையில் வருவது 38,000-க்குக் கீழே. ஃப்ரெஷர் வேலைக்கு ‘3 வருட அனுபவம் தேவை’ என்று போடுவதும் அவர்கள்தான்.

ஆனால் இந்த வாதத்தில் ஓட்டை ஒன்று இருக்கிறது. சம்பளப் பிரிப்பு ஆஃபர் லெட்டரின் இணைப்பில் எழுதித் தரப்படுகிறது. கையெழுத்துக்கு முன் நீங்கள் படிக்கலாம், கேள்வி கேட்கலாம், வேண்டாம் என்று எழுந்து வரலாம். உங்கள் ரெஸ்யூமுக்கு அப்படி ஓர் இணைப்பு இல்லை. அதோடு நஷ்டம் யாருக்கு என்று பார்த்தால், அறிவிப்பை ஊதிய ஹெச்.ஆர். ஒன்றும் இழப்பதில்லை. இழப்பது வரிசையில் நின்ற அடுத்தவர். ‘3 வருடம் தேவை’ என்ற அறிவிப்புக்குச் சரியான பதில் வேறொன்று: எட்டு மாதம் என்று உண்மையைப் போட்டே விண்ணப்பியுங்கள். தகுதி குறைவாக இருந்தும் விண்ணப்பிப்பது பொய்யாகாது. அந்த வரம்பு பல நேரம் அவர்களுடைய ஆசைப் பட்டியல்தான். கழிக்கும் வேலையை அவர்களே செய்யட்டும்.

எங்கே உடைகிறது: நேர்காணலில் மூன்றாவது கேள்வியில். முதல் கேள்வி வரையறை, மனப்பாடம் காப்பாற்றும். இரண்டாவது உதாரணம், கோர்ஸ் நோட்ஸ் காப்பாற்றும். மூன்றாவது “நீங்க செஞ்ச ப்ராஜெக்ட்ல இது ஏன் இப்படி வெச்சீங்க? மாத்தி வெச்சா என்ன ஆகும்?” அதற்கு நோட்ஸ் இல்லை. 18 கருவிகளைப் பட்டியலிட்டவரிடம் கேட்பவர் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத்தான் எடுப்பார். அது உங்களுடைய மிகப் பலவீனமான ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டியலில் உள்ள எதைப் பற்றியும் 15 நிமிடம் தொடர்ந்து கேள்வி கேட்டால் தாங்குமா என்று பாருங்கள். தாங்காததை எடுங்கள், அல்லது மூன்றாகப் பிரியுங்கள்: ‘வேலையில் பயன்படுத்தியது’, ‘பயிற்சியில் செய்தது’, ‘அறிமுகம்’.

எப்போது பரவாயில்லை: ‘சீக்கிரம் கற்றுக்கொள்வேன்’ வகைத் தற்புகழ்ச்சியில். கேட்பவரே பாதியைத் தள்ளிவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார். அதற்கு மேல் போனால், திறனில் தொடங்கிய ஊதல் ‘இரண்டு வருடம்’ என்ற பதிவில் போய் முடிந்துவிடுகிறது.

## வழி 4: அனுபவத்தை விலைக்கு வாங்குவது

கன்சல்டன்சி தரும் பொட்டலத்தில் ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், ரிலீவிங் லெட்டர், அழைத்தால் எடுத்துப் பேச ஓர் ‘ஹெச்.ஆர்.’ எல்லாம் இருக்கும். கொஞ்சம் விலை கூடினால் பி.எஃப். கணக்கு, உங்கள் பணத்தையே வாங்கி உங்கள் கணக்கில் ‘சம்பளமாக’ போடும் ஏற்பாடு. முன்பணம் பாதி, ஆஃபர் வந்தபின் மீதி, சில இடங்களில் முதல் மாதச் சம்பளமும். நேர்காணலில் உங்களுக்குப் பதில் வேறொருவர் பேசும் ப்ராக்ஸி ஏற்பாடும் இதன் நீட்சிதான். அது ஆள்மாறாட்டம், தனிக் குற்றம்.

சட்டப்படி, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றிப் பொருள் பெறுவது 318(4), ஏமாற்றும் நோக்கில் போலி ஆவணம் செய்வது 336(3). இரண்டுக்கும் ஏழு ஆண்டு வரை சிறை. போலி என்று தெரிந்தே அதை உண்மை போலக் கொடுத்தால் 340(2)-இன்படி செய்தவருக்குரிய தண்டனையே. நடைமுறையில் தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் போலீஸ் நிலையம் வரை போவதில்லை, வேலையை விட்டு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கின்றன. இதைச் சொல்லித்தான் கன்சல்டன்சிக்காரர் தைரியம் தருவார்.

அவர் சொல்லாதவை வேறு.

போலி நிறுவனம் ஒருவருக்கு மட்டும் லெட்டர் தருவதில்லை, பலருக்குத் தருகிறது. ஒருவர் சிக்கினால் அந்தப் பெயரே சந்தேகப் பட்டியலுக்குப் போகும். அதே பெயரில் ஏற்கெனவே சேர்ந்தவர்களைத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு வருடம் ஒழுங்காக வேலை செய்தவரும் அதில் போவார். 2022 நவம்பரில் அக்சென்சர், இந்தியாவில் நிறுவனங்களின் பெயரில் ஆவணங்களும் அனுபவச் சான்றுகளும் தயாரித்து வேலைக்கு நுழையும் ஏற்பாடு ஒன்றைக் கண்டுபிடித்ததாகவும், அப்படிச் சேர்ந்தவர்களை வெளியேற்றிவிட்டதாகவும் அறிவித்தது.

உங்கள் ஆதார், மதிப்பெண் பட்டியல், சில நேரம் தேதியிடாத காசோலை எல்லாம் அவர்கள் கையில். மீதிப் பணத் தகராறு வந்தால் நீங்கள் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

யு.ஏ.என்.-இல் ஏறிய போலி நிறுவனத்தை நீங்களாக எளிதில் அழித்துவிட முடியாது. நாளை மனம் மாறி நேர்மையான ரெஸ்யூம் எழுதினாலும் அந்த வரி அங்கே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வேலை மாற்றத்திலும் அதே பொய்யை அதே தேதிகளோடு திருப்பிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்க்கைத் தலைவராக இருந்த மாரிலி ஜோன்ஸ் 1979-ல் வேலைக்குச் சேர்ந்தபோது சொன்ன பட்டங்கள் பொய் என்று வெளியாகி, 28 வருடம் கழித்து, 2007-ல் பதவி விலகினார். யாஹூவின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்காட் தாம்சன், தன்னைப் பற்றிய குறிப்பில் இருந்த, தான் வாங்காத கணினி அறிவியல் பட்டத்தால் 2012-ல் நாலே மாதத்தில் போனார். இருவருமே வேலை தெரியாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

மூன்று வருட அனுபவத்துக்குரிய சம்பளம் வாங்குபவரிடம் மூன்று வருட வேலையைத்தான் கேட்பார்கள். முதல் வாரமே ஒரு டிக்கெட்டை, அதாவது முடித்துத் தர வேண்டிய ஒரு வேலையை, கொடுத்து “ரெண்டு நாள் போதுமில்ல?” என்பார் லீட். ஃப்ரெஷராகச் சேர்ந்தவர் பத்து முறை சந்தேகம் கேட்கலாம். இவர் ஒரு முறைகூடக் கேட்க முடியாது. கற்கும் உரிமையைக் காசு கொடுத்து இழக்கிறார் என்பதுதான் இந்தப் பொட்டலத்தின் உண்மை விலை.

சிலர் தப்பித்து நன்றாகவும் இருக்கிறார்கள். அது உண்மை. ஆனால் உட்கார்ந்து உழைத்து மூன்று வருட வேலையை ஆறு மாதத்தில் பிடித்துக்கொண்ட அந்தச் சிலர், வழி 2-இல் போயிருந்தாலும் உள்ளே வந்திருக்கக்கூடியவர்கள். பிடிக்க முடியாதவர்களை இந்த வழியும் காப்பாற்றுவதில்லை. ஆகவே ‘எப்போது சிறந்தது’ என்ற வரி இந்தப் பிரிவுக்கு இல்லை.

## பக்கத்தில் பக்கத்தில்

| அளவுகோல் | 1. உள்ளபடி | 2. செதுக்கல் | 3. ஊதல் | 4. போலி அனுபவம் |
|---|---|---|---|---|
| நஷ்டம் யாருக்கு | யாருக்கும் இல்லை | யாருக்கும் இல்லை | போட்டியாளர், டீம் | போட்டியாளர், டீம், வாடிக்கையாளர், நீங்கள் |
| பி.ஜி.வி. | பச்சை | பச்சை, எப்போதாவது மஞ்சள் | திறன் மட்டும் என்றால் பச்சை. தேதி, பதவி என்றால் மஞ்சள் அல்லது சிவப்பு | சிவப்பு, இன்றில்லை என்றால் பின்னால் |
| முதல் 90 நாள் | சந்தேகம் கேட்கலாம் | சந்தேகம் கேட்கலாம் | ஊதிய அளவுக்குத் திணறல் | கேட்கவே முடியாது |
| செலவு | அதிகக் காலம் | சில நாள் எழுத்து, 2–3 மாத உழைப்பு | அந்த நேரத்தில் எதுவும் இல்லை | பணம், ஆவணங்கள், நிம்மதி |
| திரும்பும் வழி | தேவையில்லை | தேவையில்லை | அடுத்த ரெஸ்யூமில் திருத்தலாம் | ஏறக்குறைய இல்லை |

## மறைப்பது: சொல்லாமல் விட்டால்?

இரண்டு மாதத்தில் விட்டுவந்த வேலையை ரெஸ்யூமில் போடாமல் விடலாம். ரெஸ்யூம் உங்கள் தேர்வு. ஆனால் பி.ஜி.வி. படிவம் ‘இதுவரை பார்த்த எல்லா வேலைகளும்’ என்று கேட்டால் அங்கே விடக்கூடாது, பி.எஃப். காட்டிக்கொடுக்கும்.

அரசு, வங்கி வேலைகளில் மௌனமும் பொய்யாகவே கொள்ளப்படும். வழக்கு நிலுவை பற்றிய கேள்விக்கு உண்மையை மறைத்தவர்கள் விஷயத்தில் 2016-ன் அவ்தார் சிங் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. அற்பமான வழக்கு என்றால் மன்னிக்க நிர்வாகத்துக்கு இடமுண்டு, ஆனால் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற உரிமை மறைத்தவருக்கு இல்லை. இன்னும் பலருக்குத் தெரியாதது தகுதியைக் *குறைத்து*ச் சொல்வது. பட்டதாரி விண்ணப்பிக்கக் கூடாது என்று வரையறுத்த பியூன் பணிக்குப் பட்டத்தை மறைத்துச் சேர முயன்றவருக்கு எதிராக, பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் பத்தாம் வகுப்பு குறைந்தபட்சத் தகுதி மட்டுமே, பட்டதாரியும் எழுதலாம். அங்கே மறைக்கத் தேவையே இல்லை. அறிவிப்பில் உச்ச வரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.

பெண்களிடம் “கல்யாணம் எப்போ? குழந்தை பிளான் இருக்கா?” என்று கேட்கிறார்கள். கேட்க உரிமையில்லாத கேள்விக்கு முழுப் பதில் தரும் கடமையும் இல்லை. “வேலை நேரத்துக்கு எந்தத் தடையும் வராது சார்” என்று நகர்த்திவிடுவதைப் பொய்யின் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

## சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது

இது பதிவு. மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வங்கி அறிக்கையும் கேட்பார்கள் என்று தெரிந்தும் 4.2 லட்சத்தை 6 ஆக்குபவர்கள் இருக்கிறார்கள். சீட்டைத் திருத்தினால் வழி 4-க்கே வந்துவிட்டீர்கள். நிலையான தொகையையும் மாறும் தொகையையும் பிரித்து உண்மையைச் சொல்லி, எதிர்பார்ப்பைத் தனியாக வையுங்கள்: “இப்போ ஃபிக்ஸட் 4.2, வேரியபிள் 60 ஆயிரம். இந்த வேலைக்கு 6.5 எதிர்பார்க்கிறேன்.” பேரம் பேசுவதற்கு உச்சவரம்பு இல்லை, அதற்குப் பொய்யும் தேவையில்லை. கொடுக்காத ராஜினாமாவைக் கொடுத்ததாகச் சொல்லி ‘உடனே சேர்வேன்’ என்பதும் இதே வகை. 90 நாள் நோட்டீஸ் கடைசியில் தெரியத்தான் போகிறது.

## ஏற்கெனவே போட்டுவிட்டவருக்கு

விண்ணப்பம் மட்டும் போயிருந்தால், திருத்திய ரெஸ்யூமை ‘புதுப்பித்த பிரதி’ என்று ஹெச்.ஆருக்கு அனுப்புங்கள். நேர்காணலுக்கு முன் அனுப்பினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆஃபர் வந்து படிவம் நிரப்பும் கட்டத்தில் இருந்தால், படிவத்தில் உண்மையை எழுதி, ரெஸ்யூமில் உள்ள முரணை நீங்களே சுட்டிக்காட்டுங்கள். தேதி, பதவி முரண் என்றால் பிழைக்க வாய்ப்புண்டு. போலி நிறுவனம் என்றால் சேர்வதற்கு முன் ஆஃபரைத் திருப்பிக் கொடுப்பதுதான் மிகக் குறைந்த சேதம். சேர்ந்துவிட்டவர்கள் எதையும் எழுத்தில் தருவதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தபின் ஆபீசில் சக ஊழியரிடம் யோசனை கேட்காதீர்கள். கன்சல்டன்சிக்கு போன் போட்டு ‘இன்னொரு லெட்டர்’ வாங்கவும் வேண்டாம். இரண்டாவது லெட்டரும் சரிபார்க்கப்படும்.